மூளை ரத்தக்கசிவுக்குப் பிறகு அக்குபஞ்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பயிற்சி முடிந்து வெளியே வந்தால் நோயாளியின் மனைவியோ மகனோ கதவோரம் நிற்பார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "அக்குபஞ்சர் பார்க்கலாமா மேடம்?" என்பார்கள். ஏதோ திருட்டுத்தனம் செய்வதுபோல. நான் அக்குபஞ்சர் செய்பவள் இல்லை, அதற்கு எதிரியும் இல்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் அதையும் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

ரத்தக்கசிவும் பக்கவாதம்தானே? அடைப்பு வந்தவங்களுக்குச் செய்யறதையே இவருக்கும் செய்யலாம்தானே?

பக்கவாதம்தான், ஆனால் வகை வேறு. அடைப்பில் ரத்தம் போகாமல் மூளையின் ஒரு பகுதி பட்டினி கிடந்து செத்துப்போகிறது. கசிவில் ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் மூளைக்குள் கட்டியாகத் தேங்குகிறது, பக்கத்தில் இருப்பதை நசுக்குகிறது. பெரும்பாலும் பல வருடம் கட்டுப்படாமல் இருந்த பிபிதான் காரணம். சிலருக்கு ரத்தக்குழாயில் பிறவியிலேயே இருக்கும் சிக்கல், சிலருக்குக் குழாய்ச் சுவரில் குமிழ்போன்ற வீக்கம், வயதானவர்களுக்குக் குழாய்ச் சுவரில் படியும் ஒருவகைப் புரதம், சிலருக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை.

இந்த வித்தியாசம் இரண்டு விதத்தில் முக்கியம். ஒன்று, நசுங்கிக் கிடந்த பகுதி, கட்டி கரையக் கரையத் தானாகவே கொஞ்சம் உயிர்பெறும். ஆரம்பத்தில் மோசமாகத் தெரிந்தவர் சில வாரங்களில் திடீரென்று தெளிவதும் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இரண்டு, அக்குபஞ்சர் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் அடைப்பு வந்தவர்கள். கசிவு வந்தவர்களுக்கு நாம் சொல்வதில் பாதி அங்கிருந்து கடன் வாங்கியதுதான்.

அக்குபஞ்சர்ல உண்மையில என்னதான் பண்றாங்க? மருந்து ஏத்துவாங்களா?

மருந்து எதுவும் கிடையாது. ஊசியில் துளையே இருக்காது. முடியைவிடத் தடித்த, கால் மில்லிமீட்டர் அளவுள்ள கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 361 புள்ளிகள் உள்ளன. பக்கவாதத்துக்கு வழக்கமாக உச்சந்தலை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை, முழங்கை மடிப்பு, முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே என்று சில இடங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊசியைச் செருகி 20 முதல் 30 நிமிடம் விட்டுவைப்பார்கள். சிலர் லேசாகச் சுழற்றுவார்கள், சிலர் இரண்டு ஊசிகளுக்கு இடையே மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள். ஊசி இறங்கிய இடத்தில் கனமாகவோ மரத்தாற்போலவோ ஓர் உணர்வு வரும். சீன முறையில் அதைத் 'தெ சி' என்கிறார்கள், அது வந்தால்தான் ஊசி சரியாக விழுந்தது என்று கணக்கு.

தலைத்தோலில் மட்டும் ஊசி போடும் முறை 1970-களில் சீனாவில் பரவியது. மூளையின் எந்தப் பகுதி கையை இயக்குகிறதோ, காலை இயக்குகிறதோ, அதற்கு நேர் மேலே உள்ள தோலைத் தூண்டுவது அதன் எண்ணம்.

தலையில குத்தற ஊசி மூளைக்குள்ள போயிடாதா?

போகாது. தலைத்தோலுக்கு அடியில் சாய்வாகத்தான் செருகுவார்கள், கீழே எலும்பு இருக்கிறது. ஆனால் அந்த எலும்பு அங்கே இருக்கவேண்டும். அறுவை சிகிச்சை ஆனவர்கள் கீழே மண்டையோட்டைப் பற்றிய பதிலைப் படிக்காமல் போகாதீர்கள்.

கசிஞ்ச ரத்தத்தை ஊசி கரைச்சிடும்னு சொன்னாங்களே?

தேங்கிய ரத்தத்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். சில வாரங்கள் ஆகும். பெரிய கட்டியாக இருந்து உயிருக்கு ஆபத்து என்றால் அறுவை சிகிச்சை. ஊசி போட்டால் வேகமாகக் கரையும் என்பது எலிகளிடம் செய்த சோதனைகளை வைத்துச் சொல்லப்படுகிறது. மனிதர்களுக்கு அது நிரூபணமாகவில்லை.

யாராவது முதல் நாள் சிடி ஸ்கேனையும் இரண்டு மாதம் கழித்து எடுத்ததையும் பக்கத்தில் வைத்து, "பாருங்க, எங்க சிகிச்சையில ரத்தம் போயிடுச்சு" என்று காட்டினால் மயங்கவேண்டாம். ஓர் ஊசிகூடப் போடாதவரின் ஸ்கேனும் அப்படித்தான் இருக்கும்.

அப்போ இது எப்படித்தான் வேலை செய்யுதாம்?

பழைய விளக்கம், உடம்பில் ஓடும் சக்தியின் பாதையில் உள்ள தடையை நீக்குவது. இன்றைய விளக்கம், நரம்பைத் தூண்டுவது. வலி விஷயத்தில் இதற்குக் கொஞ்சம் அடித்தளம் உண்டு. 1970-களில் செய்த சோதனைகளில், ஊசியால் குறைந்த வலி, உடம்பின் இயற்கையான வலிநிவாரணிகளைத் தடுக்கும் நலாக்ஸோன் மருந்தைக் கொடுத்ததும் திரும்பி வந்தது. ஆக, ஊசி அந்த நிவாரணிகளைச் சுரக்க வைக்கிறது என்று ஊகித்தார்கள்.

மூளையின் மீட்சி வேறு கதை. ஊசி போடும்போது மூளையின் சில பகுதிகளில் செயல்பாடு மாறுவதை ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள். ஸ்கேனில் நிறம் மாறுவதற்கும், அப்பா எழுந்து பாத்ரூம் வரைக்கும் நடப்பதற்கும் நடுவே தூரம் அதிகம்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில் சொன்னால் பொய்யாகிவிடும். காக்ரேன் என்ற அமைப்பு உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துச் சலித்துப் பார்க்கும். பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களுக்கான அக்குபஞ்சரைப் பற்றி 2016-ல் 31 ஆய்வுகளை, 2,257 பேரின் விவரங்களை அலசினார்கள். பிறரைச் சார்ந்திருப்பது குறையலாம், நரம்புக் குறைபாடு கொஞ்சம் தேறலாம் என்று அறிகுறிகள் கிடைத்தன. கூடவே, பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை, தரம் போதாது, எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கலாம் என்று சொல்ல ஆதாரம் பத்தாது என்றும் எழுதினார்கள். பக்கவாதம் வந்த புதிதில் செய்வதைப் பற்றி 2018-ல் 33 ஆய்வுகள், 3,946 பேர். அங்கேயும் தெளிவான பலன் தெரியவில்லை. குறிப்பாகப் பொய் ஊசியோடு ஒப்பிட்ட இடங்களில் வித்தியாசம் கரைந்துபோனது.

பொய் ஊசி என்றால், குத்துவதுபோல இருக்கும், உள்ளே இறங்காது. நம்பிக்கையால் வரும் மாற்றத்தைத் தனியே பிரித்துப் பார்க்கத்தான் அது.

சரி, எதுக்காவது பிரயோஜனம் உண்டா இல்லையா?

நான் பார்த்தவரையிலும் படித்தவரையிலும், "கை கால் வரணும்" என்று போகிறவர்களைவிட ஒரு குறிப்பிட்ட தொந்தரவுக்காகப் போகிறவர்கள்தான் கொஞ்சம் திருப்தியாகத் திரும்புகிறார்கள். தோள்பட்டை வலி, கை மடங்கி இறுகிப்போவது, தூக்கமின்மை, விழுங்கும் சிரமம் இப்படி. அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்கள் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டியின் போக்கும் ஏறக்குறைய இதுதான். விழுங்கும் சிரமத்துக்குத் துணையாக யோசிக்கலாம், தோள்வலிக்குப் பலன் உறுதியில்லை, அன்றாட வேலைகளும் கை அசைவும் மேம்படுவதற்காகப் பரிந்துரைக்கவில்லை.

விழுங்குவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாலு தடவை ஊசி போட்டுக்கொண்டதும் "இப்ப நல்லா முழுங்கறார்" என்று வீட்டிலேயே முடிவெடுத்து மூக்குக் குழாயைக் கழற்றச் சொல்வார்கள். சிலருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் வராது, சத்தமே இல்லாமல் நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகும். பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் சோதித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வாய்வழி உணவு.

எப்ப ஆரம்பிக்கலாம்? சீக்கிரம் ஆரம்பிச்சா சீக்கிரம் குணமாகுமில்லையா?

முதல் சில நாட்களில் இந்தப் பேச்சே வேண்டாம். கசிவு பெரிதாவது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான், அதன்பிறகு மூளை வீக்கம் ஒன்றிரண்டு வாரம் வரைக்கும் படுத்தும். "சீக்கிரம்" எப்போதும் நல்லதில்லை என்பதைப் பிசியோதெரபிக்காரர்களான நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டோம். 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிகமாக நடமாட வைக்கப்பட்ட நோயாளிகளுக்கு மூன்று மாதம் கழித்துப் பலன் குறைவாகத்தான் இருந்தது.

பிபி நிலைப்பட்டு, மறு ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லாமல், நியூரோ டாக்டர் சரி என்ற பிறகு ஆரம்பிக்கலாம். குழாய் வீக்கம் வெடித்துக் கசிந்தவர்களுக்கு அந்த வீக்கத்தைக் கிளிப்போ சுருளோ போட்டு அடைத்திருக்கவேண்டும், குழாய் சுருங்கும் ஆபத்துள்ள முதல் இரண்டு வாரமும் தாண்டியிருக்கவேண்டும். ஒரு வருடம் ஆனவர்கள் "லேட்டாயிடுச்சா?" என்பார்கள். வலிக்கும் இறுக்கத்துக்கும் லேட் என்பதில்லை. அசைவு திரும்புவது முதல் ஆறு மாதத்தில்தான் வேகமாக இருக்கும், அதன்பிறகு எந்தச் சிகிச்சையிலும் மெதுவாகத்தான் வரும்.

ஸ்ட்ரோக் வந்த உடனே பத்து விரல் நுனியிலயும் குத்தி ரத்தம் எடுத்தா பிழைச்சுக்குவாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

அந்தச் செய்தி மின்னஞ்சல் காலத்திலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. ரத்தம் வரும்வரை நோயாளியை நகர்த்தாதே என்றும் அதில் இருக்கும். அதுதான் ஆளைக் கொல்லும் வரி. அடைப்பா கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்லமுடியாது, சிடி ஸ்கேன் வேண்டும். வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் ஆம்புலன்ஸ். ஊசி தேடப் போகாதீர்கள்.

ஏற்கெனவே ரத்தம் கசிஞ்ச ஆளு. ஊசி குத்தினா மறுபடி கசியாதா?

கையில் போடும் ஊசி மூளைக் குழாயை உடைக்காது. யோசிக்கவேண்டியது பிபியை. பயமும் வலியும் அதை ஏற்றும். அதனால் ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் பிபி பார்க்கவேண்டும். எந்த அளவுக்கு மேல் இருந்தால் அன்று வேண்டாம் என்று டாக்டரிடமே ஓர் எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி படுத்த நிலையில்தான், உட்கார வைத்துப் போட்டால் சிலர் மயங்கிச் சாய்ந்துவிடுவார்கள்.

பொதுவான பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கவனித்த ஆய்வு 2009-ல் வந்தது. 8.6 சதவீதம் பேருக்கு ஏதாவது பக்கவிளைவு, அதிலும் அதிகம் ஊசி குத்திய இடத்தில் வந்த சின்ன ரத்தக்கட்டும் கசிவும்தான். இரண்டு பேருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் முழங்கால் வலி, இடுப்பு வலி, தலைவலி என்று வந்தவர்கள், மூளை நோயாளிகள் இல்லை. செயற்கை இதய வால்வு மாதிரியான காரணத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருந்தால் ஊசி போடுபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஆழமான ஊசியும், கீறி ரத்தம் எடுக்கும் கப்பிங்கும் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

மண்டையோட்டு எலும்பை எடுத்து வெச்சிருக்காங்க. ஷன்ட் குழாய் வேற இருக்கு. செய்யலாமா?

எலும்பு எடுத்த பக்கத்தில் தலையில் ஓர் ஊசிகூடக் கூடாது. எலும்பைத் திரும்பப் பொருத்திய பிறகும் தழும்பு முழுசாக ஆறி, அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஒப்புக்கொள்ளும்வரை அந்தப் பகுதியை விட்டுவிடவேண்டும். ஷன்ட் என்பது மூளைநீரை வயிற்றுக்கு இறக்கும் குழாய். காதுக்குப் பின்னால் ஆரம்பித்து கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கு அடியிலேயே ஓடும். அந்த வழி நெடுக ஊசி படக்கூடாது. குழாய் போகும் பாதையை ஸ்கெட்ச் பேனாவால் தோலில் கோடு போட்டுக் காட்டிய ஒரு மகளை எனக்குத் தெரியும். அதைவிடத் தெளிவான வழி எனக்குத் தோன்றவில்லை.

கை கால் புள்ளிகளுக்கு இந்தத் தடை இல்லை.

கரன்ட் வெச்சா பலன் ஜாஸ்தியாமே?

இறுக்கத்துக்குக் கொஞ்சம் உதவுவதாகச் சில ஆய்வுகள் உண்டு, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பேஸ்மேக்கர் இருந்தால் கூடாது. கசிவுக்குப் பிறகு வலிப்பு வந்தவர்களுக்குத் தலையில் மின்சாரம் வேண்டாம். காந்தத்தால் அளவு மாற்றும் ஷன்ட் என்றால் டாக்டரைக் கேட்காமல் அருகே எந்தக் கருவியும் வேண்டாம்.

அவருக்குப் பேச்சு வராது, வலது பக்கம் உணர்ச்சியும் இல்ல. எப்படிச் சமாளிக்கறது?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி. வலிக்கிறது என்று சொல்லமுடியாதவருக்கு ஊசி போடுகிறோம். முதலில் ஒரு சைகை பழக்குங்கள், நல்ல கையைத் தூக்கினால் "நிறுத்து" என்று. ஊசி இருக்கும் நேரம் முழுக்க யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும். சிலருக்குத் தன் உடம்பில் ஒரு பக்கம் இருப்பதே மறந்துபோகும். ஊசி குத்தியிருப்பது தெரியாமல் அந்தப் பக்கமாகப் புரண்டுவிடுவார்கள்.

உணர்ச்சியற்ற பக்கத்தில் சூடு ஆபத்து. மூலிகையைப் பற்றவைத்து அனல் காட்டும் மோக்ஸா, சூட்டு விளக்கு, ஒத்தடப் பை எதுவானாலும் தோல் கொப்பளித்த பிறகுதான் நமக்குத் தெரியும். ஊசியை எடுக்கும்போது எண்ணி எடுக்கச் சொல்லுங்கள், பன்னிரண்டு போட்டால் பன்னிரண்டு. உணர்ச்சியுள்ளவர் "இங்க ஒண்ணு இருக்கு" என்பார், இவர் சொல்லமாட்டார். இன்னொன்று, படுக்க வைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்து இறங்கியிருக்கும். தோள்வலிக்கு ஊசி போடக் கூட்டிப்போய், கையைப் பிடித்துத் தூக்கி வலியை ஏற்றிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பிபி மாத்திரையை நிறுத்துங்க, ஊசியே பார்த்துக்கும்னு சொல்றாரே?

எழுந்து வந்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான் நான் தயக்கமே இல்லாமல் சொல்லும் பதில். 2001-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்தவர்களுக்கு பிபி மருந்து கொடுத்தபோது மூளைக்குள் ரத்தம் கசிவது பாதியாகக் குறைந்தது. கசிவு வந்தவர்களுக்கு 130/80-க்குக் கீழே வைத்திருப்பதுதான் இப்போதைய பொதுவான இலக்கு. அக்குபஞ்சரால் பிபி நீண்டநாள் குறைந்து நிற்கும் என்பதற்கு 2018 காக்ரேன் அலசலில் ஆதாரம் கிடைக்கவில்லை. குறைந்தாலும் ஒரு நாளைக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் கைத்தடியோடு தனியாக நடக்கும் அளவுக்குத் தேறினார். "உடம்பு சுத்தமாகணும்" என்று யாரோ சொல்ல, மாத்திரையை விட்டார். அடுத்த முறை அவரைப் பார்த்தபோது கழுத்து நிற்கவில்லை. வலிப்பு மாத்திரைக்கும் இதே பதில்தான்.

பிசியோதெரபிக்குப் பதிலா இதை மட்டும் செய்யலாமா?

என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கலாம், பரவாயில்லை. ஊசி போடும்போது நோயாளி படுத்திருக்கிறார். நடை என்பது நடந்து நடந்துதான் வரும். ஒரே அசைவை நூற்றுக்கணக்கில் திரும்பச் செய்தால்தான் மூளை புதுப் பாதை போட்டுக்கொள்ளும். இரண்டும் ஒரே நாளில் என்றால் பயிற்சியை முதலில் வையுங்கள். ஊசிக்குப் பிறகு சிலருக்குத் தூக்கம் சொக்கும், அன்று பயிற்சி வீண்.

எத்தனை தடவை போகணும்? எப்ப நிறுத்தலாம்?

ஆய்வுகளில் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து தடவை, சில வாரங்களுக்கு. உங்களுக்கு நான் சொல்வது: ஆறு வாரம் என்று தேதி குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். முதல் நாளே எதற்காகப் போகிறோம் என்று ஒரு விஷயத்தை எழுதி அளந்துவையுங்கள். பத்து மீட்டர் நடக்க எத்தனை விநாடி, கை எந்த உயரம் வரை தூக்குகிறார், தோள்வலிக்குப் பத்துக்கு எத்தனை, இரவில் எத்தனை தடவை விழிக்கிறார், இப்படி ஒன்று. செல்போனில் ஒரே கோணத்தில் வீடியோ எடுங்கள். ஆறாவது வாரம் அதே அளவு. "முகத்துல ஒரு தெளிச்சி தெரியுது" என்பது அளவாகாது.

மாறவில்லை என்றால் நிறுத்துங்கள். நூறு தடவை வந்தால்தான் தெரியும் என்று பணத்தை முன்கூட்டியே வாங்குகிறவரிடம் ஆரம்பிக்கவே வேண்டாம்.

என் மாமாவுக்கு ரெண்டே வாரத்துல கை அசைஞ்சுது. ஆய்வுல நிரூபணம் இல்லைன்னா அது பொய்யா?

பொய் இல்லை, கை அசைந்தது உண்மை. எதனால் அசைந்தது என்பதுதான் கேள்வி. முதல் பதிலில் சொன்னேனே, கட்டி கரையும்போது தானாக வரும் தேர்ச்சி என்று. வீட்டுக்கு வந்து மூன்றாவது, நாலாவது வாரத்தில்தான் பெரும்பாலும் அக்குபஞ்சருக்குப் போவார்கள், கட்டி கரைவதும் அதே சமயத்தில். இரண்டும் ஒன்றாக நடக்கும்போது கண்ணுக்குத் தெரிந்த ஊசிக்குத்தான் பெயர் போகும். எனக்கும் இதே கதைதான். நான் கையைப் பிடித்துப் பயிற்சி கொடுத்த அன்று விரல் அசைந்தால் "மேடம் கைராசி" என்பார்கள். அதில் எனக்கு எவ்வளவு பங்கு, இயற்கைக்கு எவ்வளவு என்று எனக்கே தெரியாது. ஒரே ஆளை வைத்து இதைப் பிரிக்கமுடியாது, அதற்குத்தான் ஒப்பீட்டு ஆய்வுகள்.

மாமா தொடர்ந்து போக ஆசைப்பட்டு, மாத்திரையும் பயிற்சியும் நிற்காமல் இருந்தால், நான் தடுக்கமாட்டேன்.

ஊசி போடறவர் நல்லவரான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதல் சந்திப்பில் அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா பாருங்கள். எதனால் கசிந்தது, தலையில் என்ன அறுவை சிகிச்சை, என்ன மாத்திரை, வலிப்பு வந்ததா, கடைசி ஸ்கேன் எங்கே. இதெல்லாம் கேட்காமல் நாடியைப் பார்த்ததும் ஊசியை எடுப்பவர் வேண்டாம். உங்கள் நாட்டில் இதற்கு உள்ள பதிவோ தகுதியோ அவருக்கு இருக்கவேண்டும். ஊசி உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து பிரிக்கப்படவேண்டும், ஒரு தடவைக்கு மேல் பயன்படக்கூடாது. திடீர் தலைவலி, வாந்தி, புதிதாகப் பலவீனம் வந்தால் அவர் சொல்லவேண்டியது "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பதுதான்.

நியூரோ டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரு. சொல்லாம செய்யலாமா?

திட்டினாலும் திட்டட்டும், சொல்லுங்கள். "அக்குபஞ்சர் நல்லதா?" என்று கேட்டால் வாக்குவாதத்தில்தான் முடியும். அப்படிக் கேட்காமல் நாலே கேள்வி கேளுங்கள்: கசிவின் காரணம் சரிசெய்யப்பட்டுவிட்டதா, தலையில் எந்த இடத்தைத் தொடக்கூடாது, பிபி எவ்வளவு இருந்தால் அன்று போகக்கூடாது, மின்சாரம் வைக்கலாமா.

போன மாதம் கதவோரம் நின்று கேட்ட ஓர் அம்மாவை இப்படிக் கேட்டுவரச் சொல்லி அனுப்பினேன். டாக்டர் திட்டவில்லையாம். மருந்துச் சீட்டின் ஓரத்தில் "இடப்பக்கத் தலை வேண்டாம், 150-க்கு மேல் வேண்டாம், கரன்ட் வேண்டாம்" என்று மூன்று வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா அதை ஜெராக்ஸ் எடுத்து ஊசி போடுபவரிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றும் கொடுத்திருக்கிறார்.